சலமான்காவில் இரண்டாவது வாரம்: வீட்டம்மாவுக்கு என் மேல் கோபமா?

மலைக்கோட்டை | செப்டம்பர் 17

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பெயினில் குடும்பத்தோடு தங்கிப் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று பழைய இழைகளில் பார்த்தேன். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருச்சி. ஸ்பானிய மொழி படிக்க 9 மாதத்துக்குச் சலமான்கா வந்திருக்கிறேன். வந்து 12 நாள் ஆகிறது. படிக்கும் இடத்திலேயே ஏற்பாடு செய்து கொடுத்த வீடு. வீட்டம்மாவுக்கு 65 வயது இருக்கும். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மாட்ரிட்டில் இருக்கிறார்கள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. எனக்குத் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் கதீட்ரல் கோபுரம். ஊரைப் பற்றி ஒரு குறையும் இல்லை. சாயங்கால வெயிலில் இங்கேயுள்ள கல் கட்டடங்கள் எல்லாம் தேன் நிறத்துக்கு மாறுகின்றன.

பிரச்சினை வீட்டுக்குள்தான். முதல் நாள் காலணியைக் கதவுப் பக்கம் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். நம் பழக்கம் அதுதானே. வீட்டம்மா என் காலைப் பார்த்து "தபாத்தியாஸ்! தபாத்தியாஸ்!" என்று சத்தம் போட்டார். வீட்டுச் செருப்பைச் சொல்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து உட்கார், சாப்பிடு, கதவைச் சாத்து, ஜன்னல் மறைப்பை இறக்கு என்று எல்லாமே கட்டளைதான். "தயவுசெய்து" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து இதுவரை நான் கேட்கவில்லை. நான் ஒவ்வொன்றுக்கும் "கிராத்தியாஸ்" (நன்றி) சொல்கிறேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகுகிறது. நேற்று வேகமாக ஏதோ சொன்னார். "இத்தனை கிராத்தியாஸ்" என்பது மட்டும் காதில் விழுந்தது.

அப்புறம் சாப்பாடு. நான் சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வேன். வந்த அன்றே சொல்லிவிட்டேன். மறுநாள் சாலட்டில் சூரை மீன் இருந்தது. அடுத்து வந்த பருப்புக் குழம்பில் சோரிசோ (பன்றித் தொத்திறைச்சி) துண்டுகளை எடுத்துவிட்டு மற்றதைப் பரிமாறினார். வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டேன். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே எனக்குக் கண் இருட்டுகிறது. அறையில் பிஸ்கட் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வைத்தபின் அழுகிறேன்.

அவருக்கு என் மேல் கோபமா? வீடு மாற்றிக் கேட்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரனாடா_மாணவி | செப்டம்பர் 17

முதலில் அழுகையை நிறுத்துமா. நான் கிரனாடாவில் ஒரு வருடம் இருந்தேன். நீ எழுதியதில் பாதி என் டைரியிலும் இருக்கிறது.

செருப்பு விஷயம் கோபமே இல்லை. வெறுங்காலோடு தரையில் நடந்தால் சளி பிடிக்கும் என்று அந்த ஊர்ப் பாட்டிகள் உறுதியாக நம்புகிறார்கள். ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று நம் வீட்டில் கத்துவார்களே, அதே குரல்தான் அது. காலைத் துடைத்துவிட்டு வெறுங்காலோடு வருவது நமக்கு மரியாதை. அவர்கள் கண்ணுக்கு அது தன்னைக் கவனித்துக்கொள்ளாத பிள்ளையின் கால். குளிர்காலம் வரட்டும், உனக்கே புரியும். நான் தங்கிய வீட்டில் வட்ட மேசை ஒன்று இருந்தது, தரையைத் தொடும் கனத்த துணி போர்த்தி. மேசா கமியா என்பார்கள். அடியில் ஒரு சூடேற்றி இருக்கும். முன்பெல்லாம் கரி போட்ட கணப்புச் சட்டி வைப்பார்களாம், இப்போது மின்சாரம். வீடே அந்தத் துணிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வந்த மூன்றாம் மாதம் அந்த வீட்டுப் பாட்டி துணியைத் தூக்கிப் பிடித்து "வா, காலை உள்ளே வை" என்றார். அதுவும் கட்டளைதான்.

இப்போது அந்தக் கட்டளைகளைத் தமிழில் சொல்லிப் பார். "உட்காரு. சாப்பிடு. கதவைச் சாத்து." உன் அம்மா உன்னிடம் "தயவுசெய்து சாப்பிடு" என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறாரா? தட்டில் தோசை விழுந்ததும் நீ "நன்றி அம்மா" என்பாயா? சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? நாம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தோடு சேர்த்து ஒரு மரியாதையும் கற்றோம். வெளிநாடு என்றதும் அதை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஸ்பெயின் வீடு அந்த வெளிநாடு இல்லை. வீட்டுக்குள் பேசும் விதத்தில் அவர்கள் நமக்குத்தான் பக்கம்.

இன்னொன்று. அவரை "உஸ்தெத்" போட்டு அழைக்கிறாயா? நான் அப்படித்தான் அழைத்தேன், நீங்கள் என்பதற்குச் சமம் என்று நினைத்து. பாட்டி மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார், "தூ" போடு என்று. வயதானவரை நீ என்பதற்கு எனக்கு நாக்கு எழவே இல்லை, இரண்டு வாரம் பிடித்தது. அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. வீட்டுக்குள் உஸ்தெத் போட்டால் விலகி நிற்கிறாய் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

வலென்சியாவாசி | செப்டம்பர் 18

சாப்பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே 6 வருடமாக இருக்கிறேன், நானும் சைவம்.

"நான் சைவம்" என்ற வாக்கியம் அந்த வயதுக்காரர்களிடம் போதவே போதாது. கார்னே (இறைச்சி) என்றால் பலர் மனதில் வருவது ஒரு துண்டு மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோதான். ஹாமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) அவர்களுக்கு ஹாமோன், சூரை மீன் சூரை மீன், சோரிசோ குழம்புக்கு ருசி. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. அதனால் பட்டியலாகவே சொல்லுங்கள் (நி என்றால் "அதுவும் வேண்டாம்"): நி கார்னே, நி பெஸ்காதோ (மீன்), நி அதூன் (சூரை மீன்), நி ஹாமோன், நி சோரிசோ, நி கால்தோ. கடைசிச் சொல்தான் முக்கியம். கால்தோ என்பது எலும்பு போட்டுக் கொதிக்க வைத்த சாறு. காய்கறி சூப்பில்கூட அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

"எனக்கு என்ன சமைப்பது" என்று அவரைக் குழம்ப விடாதீர்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் சமையலிலேயே நமக்கு நிறைய இருக்கிறது. தோர்தியா தெ பதாதாஸ், உருளைக்கிழங்கும் முட்டையும். பிஸ்தோ, தக்காளி, குடைமிளகாய், சுரைக்காய் போன்ற ஒரு காயை எண்ணெயில் மெதுவாக வேகவைத்த கூட்டு. கீரையும் கொண்டைக்கடலையும். அப்புறம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல்: "பியூதாஸ்". விதவைகள் என்று பொருள். இறைச்சி போடாமல் சமைத்த பருப்பை லெந்தேஹாஸ் பியூதாஸ் என்பார்கள், உருளைக்கிழங்குக்கும் அப்படி ஒன்று உண்டு. பெயர் எனக்குப் பிடிக்காது, ஆனால் அதைச் சொன்னால் அந்தத் தலைமுறைச் சமையல்காரர் எவருக்கும் உடனே புரியும். இத்தனைக்கும் நீங்கள் இருப்பது சலமான்கா. பக்கத்தில் லா அர்மூஞா என்ற பகுதியில் விளையும் பருப்பு நாடு முழுக்கப் பெயர் பெற்றது. நம் மைசூர்ப் பருப்பின் இனம்தான், தோலோடு முழுசாக இருக்கும்.

பசி: மதியச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு, இரண்டு மூன்று மணிக்கு. அதை அரைகுறையாக விட்டால் இரவு வரை தாங்காது. நடுவில் ஆறு ஆறரைக்கு மெரியென்தா என்ற சிற்றுண்டி உண்டு. கேட்டால் தருவார். ஒளித்து வைத்துச் சாப்பிட வேண்டியதே இல்லை.

நேர்பேச்சு | செப்டம்பர் 18

மேலே எழுதியவர்கள் நல்ல வீடுகளில் இருந்திருக்கிறார்கள். எல்லா வீடும் அப்படி இல்லை என்பதையும் இந்தப் பெண்ணுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நான் இருந்த வீட்டில் (ஊரைச் சொல்லவில்லை) ஒரே நேரத்தில் ஐந்து மாணவர்கள். வீட்டுக்காரர் எங்களோடு ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. உறைய வைத்த பீட்சாவை வைத்துவிட்டுப் போய்விடுவார். நகராட்சியில் முகவரிப் பதிவு செய்யக் கையெழுத்துக் கேட்டேன், மறுத்துவிட்டார். "கலாச்சார வித்தியாசம், பொறுத்துப் போ" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் இரண்டு மாதம் பொறுத்தேன். பொறுத்திருக்கக் கூடாது.

தங்கையே, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அவர்கள் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? உங்கள் அறைக்குள் கேட்காமல் நுழைகிறார்களா? முகவரிப் பதிவுக்கு ஒத்துழைக்கிறார்களா? இதில் தப்பு இருந்தால் உடனே பொறுப்பாளரிடம் போய் வீடு மாற்றச் சொல்லுங்கள். மாற்றிக் கேட்பது உங்கள் உரிமை.

மலைக்கோட்டை | செப்டம்பர் 18

எல்லோருக்கும் நன்றி. (இங்கே சொல்லலாம் அல்லவா, அக்கா?)

நேர்பேச்சு அண்ணா, உங்களுக்கு நடந்ததைப் படித்து மனசு கஷ்டமாக இருந்தது. என் வீட்டில் மூவரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். வீட்டம்மாவின் கணவர், ஐயா, எனக்கு ரொட்டி அறுத்துத் தருவார். அறைக்குள் யாரும் வருவதில்லை, ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் வீட்டம்மா வந்து தட்டி "உடம்பு சரியில்லையா" என்று கேட்கிறார். முகவரிப் பதிவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, இனிமேல்தான் கேட்க வேண்டும்.

சொல்ல விட்டுப்போன ஒன்று. குளியல். தினமும் இரண்டு வேளை தலைக்குக் குளித்துப் பழகியவள் நான். போன வாரம் ஐயா குளியலறைக் கதவைத் தட்டிவிட்டார். அவமானமாக இருந்தது. நேற்றுதான் காரணம் தெரிந்தது. சமையலறைப் பால்கனியில் ஆரஞ்சு நிற உருளை இருக்கிறது, பியூட்டேன் எரிவாயு, பன்னிரண்டரைக் கிலோ. அதுதான் வெந்நீருக்கும். ஒன்று காலியாகி, புது உருளையை ஆள் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்ததைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்கிறேன்.

நாஞ்சில்_வாத்தியார் | செப்டம்பர் 20

நான் ஸ்பானியம் சொல்லிக் கொடுக்கிறவன். பேச்சு வந்துவிட்டால் நீங்கள் சொன்னதில் பாதி தானாகத் தீரும். மொழி கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். தமிழ் தெரிந்தவருக்கு இதில் சில வாசல்கள் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன. வகுப்பில் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக் கொடுப்பதால் அவை கண்ணில் படுவதில்லை.

"மே குஸ்தா லா சோப்பா." ஆங்கிலேயருக்கு இது தலைகீழ் வாக்கியம், மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். தமிழில் வைத்துப் பாருங்கள்: "எனக்கு சூப் பிடிக்கும்." அதே அமைப்பு, "எனக்கு" என்று நான்காம் வேற்றுமை. "மே துவேலே லா கபேசா" என்றால் "எனக்குத் தலை வலிக்கிறது". என் தலை என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. வினையின் விகுதியிலேயே ஆள் இருப்பதால் "நான்" என்று சொல்லத் தேவையில்லை: வந்தேன், வந்தாய் போலத்தான். ஆகவே ஆங்கிலத்தில் யோசித்து மாற்றாதீர்கள். தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

ஒலியிலும் அப்படித்தான். எஸ்பாஞா (ஸ்பெயின்) என்பதன் "ஞா"வைச் சொல்ல உலகமே வாயைக் கோணுகிறது, நமக்கு ஞாயிறு தெரியும். "பெரோ" என்றால் ஆனால், "பெறோ" என்று நாக்கு உருளச் சொன்னால் நாய். பலர் பேச்சில் ரகரமும் றகரமும் இப்போது ஒன்றாகிவிட்டன. எங்கள் நாகர்கோவில் பக்கம் இன்னும் பிரித்துத்தான் சொல்கிறோம். அந்த றகரத்தைக் கொஞ்சம் கூடுதலாக உருட்டினால் போதும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இருக்காது.

வீட்டுக்குள்ளே சொந்தக்காரச் சொற்களும் இருக்கின்றன. மேசையைக் காட்டி வீட்டம்மா என்ன சொல்கிறார்? மேசா. அலமாரி? அர்மாரியோ. துவாலை? தோவாயா. நம் சொற்கள் போர்த்துக்கீசியர் வழியாக வந்தவை, ஸ்பானியமும் அதன் உடன்பிறப்பு. இதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பேச்சைத் தொடங்க நல்ல வழி.

சாப்பிட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுகிறீர்களோ? போகாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் மேசையிலேயே இருந்து பேசுவதற்கு சோப்ரேமேசா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த அரைமணி நேரம்தான் உண்மையான வகுப்பு. புரியாவிட்டாலும் உட்கார்ந்திருங்கள்.

மலைக்கோட்டை | அக்டோபர் 2

நடந்ததைச் சொல்ல வந்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

வலென்சியா அண்ணன் தந்த பட்டியலைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்தபின் எழாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார். பட்டியலைச் சொன்னேன். கால்தோ என்றதும் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். பிறகு அவர் பேசியதை ஐயா மெதுவாகத் திருப்பிச் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. தன் சமையல் எனக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரமாக அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தட்டில் மிச்சம் வைக்கிறேன், உடனே அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிறேன், தண்ணீர் தந்தால்கூட நன்றி சொல்கிறேன். "இது என்ன ஹோட்டலா, நான் என்ன பரிமாறுகிறவளா?" என்று கேட்டார். மாட்ரிட்டில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, இந்தப் பெண்ணுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டிருக்கிறார்.

நான் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். அவர் எனக்குக் கோபம் என்று நினைத்திருக்கிறார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு "அழாதே" என்றார். அதுவும் கட்டளைதான், கிரனாடா அக்கா.

மறுநாள் லா அர்மூஞா பருப்பு வைத்தார், பியூதாஸ். பூண்டு, கேரட், பிரிஞ்சி இலை, கொஞ்சம் புகையூட்டிய மிளகாய்த்தூள். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் போட்டு ஊறவைத்துச் சாப்பிடக் காட்டிக் கொடுத்தார் ஐயா. சின்னப் படகுகள் என்று அதற்குப் பெயர், பார்கீதோஸ். கையால்தான் சாப்பிட வேண்டும். மூன்று வாரத்துக்குப் பிறகு கையால் எடுத்து வாயில் வைத்தது அன்றுதான், அதுவும் பருப்பு. எழுத இதற்கு மேல் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் இங்கே இனிப்புக்குப் பதிலாகத் தயிரும் வைப்பார்கள், சின்னக் கிண்ணத்தில். சர்க்கரை இல்லாதது என்று பார்த்து வாங்க வேண்டும். சனிக்கிழமை அதில் சோறு பிசைந்து உப்புப் போட்டு அவர்களுக்குக் கொடுத்தேன். ஐயா இரண்டாம் முறை கேட்டார். வீட்டம்மா ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார், சோறும் தயிரும் சேராது என்றார். நேராகச் சொன்னது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வாத்தியார் ஐயா, மேசை, அலமாரி, துவாலை சொன்னேன். இப்போது வீட்டில் ஒவ்வொரு சாமானையும் காட்டித் தமிழில் என்ன என்று கேட்கிறார்கள். ஜன்னலுக்கு மட்டும் பொருந்தவில்லை, அவர்களுக்கு அது பென்தானா. வீட்டம்மா வருத்தப்பட்டார்.

நேர்பேச்சு | அக்டோபர் 3

படித்தேன். மனதார மகிழ்ச்சி. மாற்றிக்கொண்டு போகச் சொன்ன எனக்கு, உங்கள் விஷயத்தில் அவசரப்பட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் என் அனுபவத்தை எழுதியதற்கு வருத்தமில்லை, அடுத்து வருகிறவர் படிக்கட்டும்.

மகிழ்ச்சியில் காகிதங்களை மறந்துவிடாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் தங்குவதால் வெளிநாட்டவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும், நாட்டுக்குள் வந்த ஒரு மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல் துறையில் முன்கூட்டியே நேரம் வாங்கி, இ.எக்ஸ். 17 படிவம், 790 என்ற எண்ணுள்ள கட்டணத் தாளில் 012 குறியீடு, புகைப்படம், கடவுச்சீட்டு எல்லாம் கொண்டுபோய்க் கைரேகை வைக்க வேண்டும். நகராட்சி முகவரிப் பதிவைப் பல இடங்களில் கேட்பார்கள். செப்டம்பர் 5 வாக்கில் வந்தீர்கள் என்றால் நாள் நெருங்கிவிட்டது. நாளைக்கே பாருங்கள்.

மலைக்கோட்டை | அக்டோபர் 28

அண்ணா, நீங்கள் எழுதிய மறுநாளே ஐயாவிடம் கேட்டேன். கையெழுத்துப் போட்டதோடு நகராட்சிக்கும் கூடவே வந்தார். காவல் நிலைய நேரம் அக்டோபர் 4ஆம் தேதிக்கே கடைசி நிமிடத்தில் கிடைத்தது. நீங்கள் சொல்லாவிட்டால் தவறவிட்டிருப்பேன்.

நகராட்சியிலிருந்து திரும்பும்போது பல்கலைக்கழக முகப்புக்கு அழைத்துப் போனார். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அந்தக் கல் முகப்பில் ஒரு மண்டையோட்டின் மேல் சின்னத் தவளை செதுக்கியிருக்கிறது. உதவி இல்லாமல் கண்டுபிடிக்கும் மாணவர் தேர்வில் தேறுவார் என்று நம்பிக்கை. கால்மணி நேரம் அண்ணாந்து நின்றேன். ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை, விரலைக்கூட அந்தப் பக்கம் நீட்டவில்லை. நானே கண்டுபிடித்தபின்தான் நகர்ந்தார்.

நேற்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தார்கள். ஊரோடு இருந்த மூன்றரை மணி வித்தியாசம் இப்போது நாலரை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பேசினாலே அங்கே நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அதனால் அம்மாவோடு பேசும் நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். இப்போது சோப்ரேமேசாவில் அவரும் திரையில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டம்மா ஸ்பானியத்தில் பேசுகிறார், அம்மா தமிழில் பேசுகிறார், நான் நடுவில். நேற்று என் அம்மா கேட்டது, "பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?" வீட்டம்மா கேட்டது, "அங்கேயும் இவள் இப்படி வெறுங்காலோடுதான் நடப்பாளா?"

புதுவை_2 | நவம்பர் 3

முழு இழையையும் படித்தேன், அக்கா. நான் ஜனவரியில் பாயாதோலித் போகிறேன், குடும்பத்தோடுதான் தங்குகிறேன். வீட்டுச் செருப்பை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு வரவா?

மலைக்கோட்டை | நவம்பர் 3

ரப்பர் செருப்பு கொண்டு வராதே, அது குளியலறைக்குத்தான் என்பார்கள். ஜனவரித் தரை அதில் தாங்காது. மூடிய துணிச் செருப்பு, உள்ளே கம்பளி வைத்தது, இங்கே எந்தப் பஜாரிலும் மலிவாகக் கிடைக்கும். வந்து இறங்கிய அன்றே, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் போய் வாங்கிவிடு. வீட்டம்மாவையும் கூட அழைத்துப் போ.